அண்ணாச்சியின் ‘லண்டன் செட்’டும் நான் எழுதித் தர மறுத்த கடிதமும்

போன மாதம் என்னிடம் படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பையன் என்கிறேன், அவனுக்கே ஐம்பது நெருங்குகிறது. ஆட்டோவில் ஒரு கனமான பெட்டியை ஏற்றிக் கொண்டு வந்திருந்தான். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் அப்பாவின் மைக் செட் ஆம்ப்ளிஃபயர்.

“சார், ஒரு கடுதாசி எழுதித் தரணும். ஒங்க கையெழுத்துல இருந்தா நம்புவாங்க” என்றான்.

என்ன எழுத வேண்டும் என்று ஒரு தாளில் குறித்தே கொண்டு வந்திருந்தான். இந்த ஆம்ப்ளிஃபயர் 1964-இல் லண்டனிலிருந்து ஆரல்வாய்மொழிக்கு வந்தது. அன்று முதல் இன்று வரை உள்ளே ஒரு கம்பியைக்கூட யாரும் தொட்டதில்லை. இரண்டையும் நான் நேரில் அறிவேன். இவ்வளவுதான். கீழே என் பெயர், ‘ஓய்வு பெற்ற ஆசிரியர்’, தேதி.

நான் எழுதித் தரவில்லை. அதனால் அவனுக்கு வருத்தம். ஊரில் இரண்டு பேர் என்னிடமே கேட்டார்கள், “ஒரு கடுதாசிதானே சார், அந்தக் குடும்பத்துக்கு நாலு காசு கெடச்சிருக்கும்லா?” என்று. அவர்களுக்கும், இதே மாதிரிப் பழைய பெட்டி வீட்டில் கிடக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றி.

எங்கள் தலைமுறைக்கு மைக் செட் அண்ணாச்சி என்றால் அவர் ஒருவர்தான். கொடை விழா, கல்யாணம், சடங்கு, தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் வருவார். பனைமரத்தில் கோளாம்பியைக் கட்டிவிட்டு, கீழே பந்தலின் மூலையில் இந்தப் பெட்டியை வைத்து, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். சுவிட்சைப் போட்டதும் சத்தம் வராது. வால்வு சூடேற வேண்டும். சிவப்பாக ஒரு கனல் தெரியும். அதைப் பார்க்கவே நாங்கள் பிள்ளைகள் கூட்டமாய் நிற்போம். வில்லுப்பாட்டு ஆரம்பித்தால் விடியும் வரை ஓடும். காற்றடி காலத்தில் கணவாய்க் காற்று சத்தத்தை அப்படியே பணகுடிப் பக்கம் அள்ளிக்கொண்டு போய்விடும். மேற்கே நாலு தெரு தாண்டினால் கேட்காது. அதற்கும் அண்ணாச்சியைத்தான் திட்டுவார்கள்.

“இது லண்டன் செட்டு. கப்பல்ல வந்தது” என்று அவர் சொல்வார். நாங்கள் நம்பினோம். நான் வாத்தியார் ஆன பிறகு வகுப்பில் ஒலியைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, “நம்ம ஊரிலேயே லண்டன் செட் இருக்கிறது” என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு வருடம் அல்ல, பல வருடம். அந்தப் பையனும் என் வகுப்பில் அதைக் கேட்டவன்தான். அதாவது, அவன் என்னிடம் எழுதிக் கேட்ட பொய்யில் பாதியை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான். இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது ஏன் இதற்கு இவ்வளவு மவுசு?

1960-களில் இங்கிலாந்தில் செய்த கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களுக்கு உலகம் முழுக்க வாங்க ஆள் இருக்கிறது. டார்ட்ஃபோர்டு என்ற ஊரில் செய்த வாக்ஸ் ஏ.சி.30 ஒன்று. பீட்டில்ஸ் குழுவினர் பயன்படுத்தியது. லண்டனில் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்பவர் கடை வைத்திருந்தார். டிரம்ஸ் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் அவர். அவர் கடையில் 1962-இல் பிறந்தது மார்ஷல் ஆம்ப்ளிஃபயர். எரிக் கிளாப்டன், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் போன்றவர்கள் அதை வாசித்துப் பெரிதாக்கினார்கள். வால்வு தாங்குகிற அளவுக்கு மேல் ஒலியைத் திணித்தால் ஒரு கரகரப்பு வரும். கிட்டார்க்காரர்களுக்கு அந்தக் கரகரப்புதான் வேண்டும். அண்ணாச்சி ஆயுள் முழுக்க எதை வராமல் தடுக்கப் பாடுபட்டாரோ, அதைத்தான் அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்!

மார்ஷலிலும், வாக்ஸ் போன்றவற்றிலும், நம்மூர் மைக் செட்டிலும் உள்ளே இருக்கிற சங்கதிகள் ஏறத்தாழ ஒன்றுதான். மின்சாரத்தை ஏற்றி இறக்க டிரான்ஸ்பார்மர், சின்ன ஒலியைப் பெரிதாக்க ஈ.சி.சி.83 போன்ற சிறு வால்வு, கடைசியில் பலம் கொடுக்க இ.எல்.84, இ.எல்.34 போன்ற பெரிய வால்வுகள், நடுவில் கண்டன்சர்கள், ரெசிஸ்டன்ஸ்கள். பழைய பொருள் வாங்கி விற்கும் தரகர் ஒருவர் அண்ணாச்சி வீட்டுக்கு வந்து, உள்ளே இ.எல்.34 இருப்பதைப் பார்த்திருக்கிறார். மரப்பெட்டி வேறு. “பிரிட்டிஷ் ஆம்ப்ளிஃபயர்னு வித்துரலாம். ஆனா உள்ள மாத்தின சாமானை எல்லாம் எடுத்துட்டு, பழைய மாதிரி ஆக்கணும். ஒரு பெரிய மனுசன் கடுதாசி வேணும்” என்று சொல்லியிருக்கிறார். பெரிய மனுசன் நான்.

சரி, எழுதுவதற்கு முன் பார்ப்போம் என்று வடசேரிப் பக்கம் முன்பு ரேடியோ கடை வைத்திருந்த என் நண்பரை வரச் சொன்னேன். மூவரும் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தோம். யாரும் வீட்டில் தானாகத் திறந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கண்டன்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். ஆளைக் கொல்லும். நண்பர் முதலில் அதை வடித்த பிறகுதான் எங்களைக் கிட்டேயே விட்டார்.

அன்று அவர் சொல்லிக் கொடுத்ததை என் மொழியில் சொல்கிறேன்.

முதலாவது, பெயர்ப் பலகையை நம்பாதே. முகப்புத் தகடு, பெயர், சின்னம் எல்லாம் நாலு ஆணியில் மாறக்கூடியவை. சுற்றுலாக் கடைகளில் பித்தளைக் குழலும் நாய்ப் படமுமாக மினுங்கும் ‘பழைய எச்.எம்.வி. கிராமபோன்’ பலவும் அப்படித்தான். பழைய கைப்பெட்டி கிராமபோனின் மோட்டாரை எடுத்துப் புதுப் பெட்டியில் வைத்துக் குழலை மாட்டியது.

இரண்டாவது, வால்வின் மேல் அச்சடித்த எழுத்தையும் நம்பாதே. அது விரலால் தேய்த்தாலே போகும். அதே இடத்தில் வேறு பெயரும் அடிக்கலாம். முல்லார்ட் என்ற பழைய பிரிட்டிஷ் பெயரில் இன்று ரஷ்யாவில் செய்த வால்வுகள் வெளிப்படையாகவே விற்கின்றன. பழைய முல்லார்ட் வால்வில் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் பொறித்தாற்போல ஒரு சிறு குறியீடு இருக்கும். அதில் எந்த ஆலை, எந்தக் காலம் என்று தெரியும். பிளாக்பர்ன் ஆலை என்றால் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து. அதைப் பார்.

மூன்றாவது, கம்பியின் நிறத்தைப் பார். இங்கிலாந்தில் பழைய மின்கயிற்றில் சிவப்பு, கறுப்பு, பச்சை. 1970 வாக்கில் அதைப் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் என்று மாற்றிவிட்டார்கள். 1963-இல் செய்தது என்று சொல்கிற பெட்டியில் பழுப்பும் நீலமும் இருந்தால், கயிறு பின்னால் மாற்றப்பட்டது என்று பொருள். அது குற்றமில்லை. ஆனால் ‘யாரும் தொடவில்லை’ என்று மட்டும் சொல்லக் கூடாது.

நான்காவது, ஈயம் வைத்த முனைகளைப் பார். முதலில் வைத்த ஈயம் மங்கிப்போய், கம்பி முனையைச் சுற்றி முறுக்கி, ஒரே கை வைத்தது போல் வரிசையாக இருக்கும். பின்னால் வைத்தது பளபளவென்றோ, உருண்டையாகவோ, பழைய கம்பியின் துணுக்கு ஒட்டிக்கொண்டோ இருக்கும். மற்ற எல்லா இடத்திலும் தூசி படிந்திருக்க, ஒரு முனை மட்டும் சுத்தமாக இருந்தால் அங்கே நின்று யோசி.

ஐந்தாவது, உள்ளே இருக்கிற சாமான்களில் எது கடைசியாகப் பிறந்ததோ, அதற்கு முன்னால் அந்தப் பெட்டி இப்போதிருக்கும் நிலைக்கு வந்திருக்க முடியாது. பானை எப்போது புதைந்தது என்பதை உள்ளே கிடக்கும் காசுகளில் ஆகக் கடைசிக் காசை வைத்துச் சொல்வதைப் போல.

இந்த ஐந்தையும் வைத்துப் பார்த்தபோது அண்ணாச்சியின் பெட்டி என்ன சொன்னது?

டிரான்ஸ்பார்மர் ஒன்றில் ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று தகடு இருந்தது. வால்வு மாட்டும் குழிகளும் அப்படியே. ஆனால் அடித்தகடு கையால் வெட்டி மடக்கியது. துளைகள் நேராக இல்லை, அரம் போட்ட தடம் தெரிந்தது. வால்வுகள் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்தவை. பிலிப்ஸ் கூட்டுறவோடு 1960-களில் அங்கே வால்வு செய்யத் தொடங்கினார்கள். நம் நாட்டு ரேடியோக்களும் மைக் செட்டுகளும் அதில்தான் ஓடின. இன்னொரு டிரான்ஸ்பார்மர் எரிந்து, பிறகு காயில் கட்டியது.

“இது லண்டன்ல செஞ்சது இல்ல. நாரோயில்லயோ திருநவேலியிலயோ நல்ல கைக்காரன் ஒருத்தன் உட்கார்ந்து கட்டினது” என்றார் நண்பர். பையனின் முகம் வாடிப்போனது. என் முகமும்தான்.

ஆனால் நண்பர் சிரித்தார். “ஏன் மொகத்தத் தொங்கப் போடுகீங்க? அந்த மார்ஷல் மட்டும் என்னவாம்?” என்றார். உண்மைதான். மார்ஷலின் முதல் ஆம்ப்ளிஃபயரே ஃபெண்டர் பாஸ்மேன் என்ற அமெரிக்க ஆம்ப்ளிஃபயரின் வரைபடத்தைப் பின்பற்றியது. கென் பிரான், டட்லி கிரேவன் என்ற இருவர், இங்கிலாந்தில் கிடைத்த சாமான்களை வைத்துக் கையால் ஈயம் வைத்துக் கட்டியது. கிடைக்கிற வால்வு மாறியபோது அவர்களும் மாற்றினார்கள். கே.டி.66 போய் இ.எல்.34 வந்தது. வாக்ஸ் ஏ.சி.30-இல் ‘டாப் பூஸ்ட்’ என்று ஓர் இணைப்பு. முதலில் அதைத் தனியாகப் பின்பலகையில் பொருத்திக் கொடுத்தார்கள், பிறகு முன்பலகைக்கே கொண்டுவந்தார்கள். அப்படியானால் எது ஒரிஜினல்? பின்பலகையில் துளை போட்டதா, போடாததா? செய்தவர்களே ஒரே மாதிரி இரண்டு செய்யாத காலம் அது.

ஆகவே என் முதல் கருத்து: ‘தொடாதது’தான் ஒரிஜினல் என்பது தவறான எண்ணம்.

தொடாமல் ஓடவும் ஓடாது. மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய கண்டன்சர்கள் காலப்போக்கில் உலர்ந்துபோகும், ‘ம்ம்’ என்று இரைச்சல் வரும். வால்வுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கிற பழைய மெழுகுக் காகிதக் கண்டன்சர் கசிய ஆரம்பித்தால், பெரிய வால்வுக்குப் போகக் கூடாத மின்னழுத்தம் போகும். வால்வு சிவந்து எரியும், அதன் பின்னால் டிரான்ஸ்பார்மரும் போகும். ரெசிஸ்டன்ஸ்கூட வயதாக ஆகத் தன் அளவிலிருந்து ஏறிவிடும். மண் இணைப்பு இல்லாத பழைய இரட்டைக் கம்பிக் கயிற்றோடு ஒரு மைக்கை ஒருவர் கையில் கொடுப்பது பாவம். மாற்ற வேண்டியதை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றியவன் பெட்டியைக் கெடுத்தவன் அல்ல, வாழவைத்தவன்.

இரண்டாவது கருத்து: மாற்றியதில் பொய் இல்லை. மறைப்பதில்தான் பொய் இருக்கிறது.

இதற்குத் தமிழ் வாத்தியார்களுக்குப் பழகிய உதாரணம் ஒன்று சொல்கிறேன். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். கையில் இருந்தவை ஒன்றுக்கொன்று வேறுபட்ட ஏட்டுச் சுவடிகள். செல்லரித்தவை, எழுத்துத் தேய்ந்தவை. அவர் என்ன செய்தார்? ஒப்பிட்டுப் பார்த்து ஒரு பாடத்தைக் கொண்டார். மற்றச் சுவடிகளில் வேறாக இருந்ததைப் பாடபேதம் என்று குறித்துக் கொடுத்தார். திருத்தவே கூடாது என்று சும்மா இருந்திருந்தால் நமக்கு நூல் இல்லை. திருத்திவிட்டுச் சொல்லாமல் விட்டிருந்தால் நமக்கு நம்பிக்கை இல்லை. திருத்தினார், சொன்னார். பழைய பொருள் எதற்கும் அதுவே முறை.

இதற்கு எதிரான காரியமும் நம் கண் முன்னால் நடந்திருக்கிறது. திருப்பணி என்று சொல்லிக் கோயில் சுவரில் மணலை வீசி அடித்துச் சுத்தம் செய்தார்கள். சுவர் புதிதாயிற்று. கல்வெட்டு போயிற்று. எவ்வளவு பேர் எதிர்த்துக் கத்த வேண்டியிருந்தது!

அண்ணாச்சியின் பெட்டியிலும் கல்வெட்டு இருந்தது. அதைத்தான் கடைசியாகப் பார்த்தோம். மேல்மூடியின் உள்பக்கத்தில் பென்சிலால் வரிசையாக எழுதியிருந்தார். எந்தத் தேதியில் எந்தக் கண்டன்சரை மாற்றினார், எந்த வால்வு போயிற்று, எந்த ஊர்க் கொடையில் வைத்துப் போயிற்று என்று. 1971 தொடங்கி இருபது வருடத்துக்கு மேல். ஓர் இடத்தில் ‘மழை, பந்தல் ஒழுகி டிரான்ஸ்பார்மர் போச்சு, வாடகை வாங்கல’ என்று இருந்தது. பையன் அதை வாசித்துவிட்டு எழுந்து வெளியே திண்ணைக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தான்.

தரகர் என்ன சொல்லியிருந்தார் தெரியுமா? மூடியைச் சுரண்டி வார்னிஷ் அடிக்கச் சொல்லியிருந்தார். பழைய கண்டன்சர் கூடுகளுக்குள் புதியதை வைத்து மூடவும், புதுக் கம்பியைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கவும் ஆள் இருக்கிறார்களாம். ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய கூட்டுக்குள் புதிய கண்டன்சரை வைப்பதை நேர்மையான பழுதுபார்ப்பவர்களும் செய்வார்கள், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று. ஆனால் ‘இப்படி வைத்திருக்கிறேன்’ என்று வாங்குகிறவரிடம் சொல்வார்கள். வேலை ஒன்றுதான். சொல்வதும் சொல்லாததும்தான் அதைத் தொழிலாகவும் திருட்டாகவும் பிரிக்கிறது.

இனி அந்தக் கேள்வி. “வாங்குகிறவன் பெரிய பணக்காரன். அவனுக்கு நாலு லட்சம் போனால் என்ன? இந்தப் பையன் மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். ஒரு கையெழுத்தில் உமக்கு என்ன குறைந்துவிடும்?”

நான் இதை லேசாகத் தள்ளவில்லை. இரண்டு இரவு தூங்கவில்லை. அந்தப் பிள்ளை எனக்கும் பேத்தி மாதிரி. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கடிதத்தை எழுதினால் முதலில் அழிவது வாங்குகிறவனின் பணம் அல்ல, அண்ணாச்சியின் பென்சில் எழுத்து. ‘யாரும் தொடவில்லை’ என்று நான் எழுதுவது, இருபது வருடம் தொட்டுத் தொட்டு அதைக் காப்பாற்றிய மனிதர் இல்லவே இல்லை என்று எழுதுவதாகும். பெயர் தெரியாத அந்த நாஞ்சில் நாட்டு மெக்கானிக்கும் சேர்ந்து அழிவார். அவர் கட்டிய பெட்டிக்கு லண்டன்காரன் பெயர்.

அது மட்டுமல்ல. பொய் வெளியே வராமல் இருக்காது. பெரிய தொகை கொடுப்பவன் பெட்டியைத் திறந்து பார்க்காமலா இருப்பான்? என் நண்பருக்கு அரை மணி நேரத்தில் தெரிந்தது அவனுக்குத் தெரியாதா? அப்போது தரகர் கை கழுவிவிடுவார். கடிதத்தில் இருப்பது என் பெயர், விற்றவன் பெயர் அந்தப் பையன் பெயர். பிறகு நாளைக்கு உண்மையாகவே நல்ல பழைய பெட்டி வைத்திருக்கிற நம் ஊர்க்காரன் ஒருவன் போனாலும், ‘அந்தப் பக்கத்துச் சாமானா, வேண்டாம்’ என்பார்கள்.

வாத்தியாருக்கு ஓய்வூதியம் தவிர மிஞ்சுவது ஒன்றுதான். ‘சார் சொன்னா சரியா இருக்கும்’ என்கிற பேச்சு. ஒருமுறை விற்றால் மறுபடி வாங்க முடியாத சாமான் அது.

நான் வேறொரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். இன்ன பெட்டி, இன்னார் வைத்திருந்தது, எந்தெந்தச் சாமான் எந்த நாட்டுத் தயாரிப்பு, எவை மாற்றப்பட்டவை, மூடியில் உள்ள குறிப்புகளின் முழுப் படி. நண்பரும் கையெழுத்திட்டார். ‘லண்டன் செட்’ என்று நானே வகுப்பில் சொல்லி வந்தது தவறு என்பதையும் கடைசி வரியில் சேர்த்தேன். தரகர் அதை வாசித்துவிட்டுப் பெட்டி வேண்டாம் என்று போய்விட்டார். பீஸுக்கு அந்தப் பையன் கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்தான். என்னால் முடிந்ததை நானும் கொடுத்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று கதை சொல்ல மாட்டேன். இரண்டு வாரம் அவன் என்னோடு பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தான். “சார், அந்த மூடிய நல்லா போட்டோ எடுத்துத் தாங்க. அம்மை கேக்கா” என்றான். எடுத்துக் கொடுத்தேன். பெட்டி இப்போது அவன் வீட்டில் இருக்கிறது. விற்பானோ வைத்திருப்பானோ, அது அவன் இஷ்டம். விற்றால் உள்ளதைச் சொல்லி விற்பான்.

இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீட்டுப் பரணில் வால்வு ரேடியோவும் மைக் செட்டும் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது நான்கு காரியங்கள்தான். எடைக்குப் போடாதீர்கள். பழுது பார்க்கக் கொடுத்தால் முதலில் உள்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய சாமானை ஒரு கவரில் போட்டுப் பெட்டியோடு வையுங்கள். என்ன மாற்றினார், எந்தத் தேதி என்று மெக்கானிக்கிடம் ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கி உள்ளே ஒட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று. யாராவது கடிதம் கேட்டு வந்தால், உங்கள் கண்ணால் கண்டதை மட்டும் எழுதிக் கொடுங்கள். நாம் பார்க்காத 1964-க்கு நாம் சாட்சி இல்லை.

அண்ணாச்சியின் மைக் செட்டை நினைவிருப்பவர்கள், அந்தப் பெட்டியைக் கட்டிய மெக்கானிக் யார் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அவர் பெயரையும் அந்த மூடியில் சேர்க்க வேண்டும்.